ஊதாப் பட்டை

படகு டிரெய்லரின் வின்சுக்குக் கயிறு வாங்குவதா, பட்டை வாங்குவதா என்ற கேள்வி வாசுகியின் வீட்டில் ஆறு வாரம் ஓடியது. ஆறு வாரத்தில் பெண் பார்த்து, நிச்சயம் செய்து, கல்யாணத்தையே முடித்துவிடுகிற குடும்பங்கள் மாசாய் ஊரில் இருக்கின்றன. அவள் கணவன் கனகராஜ் இருபது அடி நீளமுள்ள ஒரு சாமானை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கேள்வியைக் கிளப்பியவளும் வாசுகிதான். டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் வின்சின் கைப்பிடியைச் சுற்றினால், உருளையில் வடம் சுருண்டு, தண்ணீரில் கிடக்கும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு டிரெய்லர் மேல் ஏறும். கனகராஜ் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். டிரெய்லரை ரிவர்ஸில் தண்ணீருக்குள் போகும் சரிவில் இறக்குவதில் அவனை மிஞ்ச கோங் கோங் படகுத்துறையில் ஆளில்லை. இறக்கிய பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பின்னாலிருந்து தள்ளுவதும் அவன்தான், கூடவே மகள் லோஷினி. கைப்பிடி சுற்றுவது வாசுகியின் வேலை. பழைய இரும்பு வயர் உப்புக் காற்றில் துருப்பிடித்து, அறுந்த இழைகள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்று அவள் உள்ளங்கையில் ஏறியது. கிளினிக்கில் மூன்று தையல்.

வீட்டுக்கு வந்ததும் கட்டுப் போட்ட கையை நீட்டியபடியே சொன்னாள். “வயரக் கழட்டிப் போடுங்க. ரெண்டு இன்ச் பெல்ட், பாலியஸ்டர். ஒரு பக்கம் மடிச்சுத் தைச்ச கண்ணு, இன்னொரு பக்கம் லாக் வச்ச ஹூக். படகு, இஞ்சின், எண்ணெய் எல்லாம் சேத்து அறுநூறு கிலோ. அதுக்கு ஒன்னரை மடங்கு தாங்கறதா பாத்து வாங்குங்க. முடிஞ்சது.”

இது வாய்க்கு வந்ததைச் சொன்னதல்ல. பாசிர் கூடாங்கில் ஓர் இரும்பு யார்டில், கிரேனில் சுமை தூக்கும் பட்டைகளும் சங்கிலிகளும் வைத்திருக்கும் ஸ்டோர் பதினான்கு வருடமாக அவள் கையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பட்டையையும் விரித்து, விரலால் தடவி, தையலைத் திருப்பிப் பார்ப்பாள். தேறியதற்கு அந்தக் காலாண்டின் நிறத்தில் டேக். தேறாததற்குச் சிவப்பு மார்க்கரில் ஒரு பெருக்கல் குறி, தேதி, அவளுடைய கையெழுத்து. அப்புறம் அதை முழம் முழமாக வெட்டிப் போட வேண்டும். முழுசாக விட்டால் யாராவது எடுத்துப் போய் எதையாவது தூக்குவார்கள் என்பதால் அப்படி ஒரு சட்டம்.

“நீ சொல்றது சரிதான்,” என்றான் கனகராஜ். “எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

அந்த ‘ஒரு வார்த்தை’ என்பதைக் கேட்டதுமே வாசுகிக்குத் தலை வலித்தது. ரைஸ் குக்கர் வாங்க நான்கு மாதம் அந்த ஒரு வார்த்தையைத்தான் ஊரெல்லாம் கேட்டான். டாக்டர் கொடுத்த இருமல் மருந்தை பஸ்ஸில் வருகிற முப்பத்தெட்டுப் பேரிடமும் காட்டிவிட்டு, இருமல் நின்ற பிறகு குடித்தான். கெட்டவன் அல்ல. மனைவி சொல்வதை மறுப்பதும் இல்லை. ஆனால் வேறொருவர் அதையே வந்து சொல்லும்வரை அது அவன் காதில் முழுசாக இறங்காது.

முதலில் கேட்டது பக்கத்து வீட்டு ஸ்டானிஸ்லாஸை. அவர் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். எந்தக் கப்பல், அதில் என்ன வேலை என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சாயங்காலமானால் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கனகராஜின் போர்ச்சுக்கு வந்துவிடுவார்.

“கயிறுதான்,” என்றார். “இப்ப வருதே சிந்தெட்டிக் கயிறு, இரும்ப விடப் பலம். தண்ணியில மிதக்கும். துரு கிடையாது. பெல்ட்டெல்லாம் சாமான் கட்டறதுக்கு, தம்பி.”

வாசுகி மைலோ கோப்பையை வைத்துவிட்டு நின்றாள். “அங்கிள், நல்ல கயிறுதான். ஆனா ஹூக்குல முடிச்சுப் போட்டா பாதி பலம் போயிடும். முனைய முறையா பின்னி வாங்கணும். நம்ம உருளை சின்னது, இழுக்கறப்ப மேல் சுத்து கீழ் சுத்துக்குள்ள போய் மாட்டிக்கும். பெல்ட்டுன்னா ஒன்னு மேல ஒன்னு படுத்துக்கும்.”

ஸ்டானிஸ்லாஸ் தலையாட்டினார். “கரெக்ட். ரொம்ப கரெக்ட்,” என்று சொல்லிவிட்டு, கனகராஜ் பக்கம் திரும்பி, “ஆனா கயிறுதான்,” என்றார்.

அதற்கப்புறம் கனகராஜ் தூண்டில் நண்பர்களின் வாட்சாப் குழுவில் கேட்டான். இருபத்தாறு பேர் பதில் போட்டார்கள். பதினொரு பேர் கயிறு, ஒன்பது பேர் பட்டை, ஒருவர் படகையே விற்றுவிடச் சொன்னார், மற்றவர்கள் காலை வணக்கம் சொன்னார்கள். பிறகு வீடியோக்கள். எங்கோ குளிர் நாட்டில் தாடிக்காரர் ஒருவர் கயிறுகளையும் பட்டைகளையும் மாற்றி மாற்றி இழுத்து அறுத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் அதுதான், படுக்கும்போதும் அதுதான். தூக்கத்துக்கு நடுவே வாசுகிக்கு ‘டமால்’ என்று ஏதோ அறுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் போர்வைக்குள் போன் வெளிச்சம்.

“வெயில் பட்டா பெல்ட் வீணாப் போயிடுமாம், வாசு.”

“கயிறும்தாங்க வீணாப் போவும். மேல ஒரு துணியப் போட்டு மூடுங்க. ரெண்டு மூணு வருசத்துல மாத்துங்க.”

“அதான் அந்தத் தாடிக்காரரும் சொல்றாரு,” என்றான் அவன், புதிதாகக் கேட்பது போல.

நான்காவது வாரம் அவனை உலு திராமில் ஒரு படகுச் சாமான் கடைக்கு அனுப்பி வைத்தாள். எழுதியே கொடுத்தாள். கடைக்காரர் அவள் எழுதியதை வாசித்துவிட்டு அதே பட்டையை எடுத்து மேசையில் வைத்தாராம். கனகராஜ் அதைத் தடவிப் பார்த்து, போட்டோ எடுத்து, வாட்சாப்பில் போட்டுவிட்டு, வெறும் கையோடு வந்து சேர்ந்தான். குழுவில் யாரோ, இதைவிட அகலமானது கிடைக்குமா பார்க்கச் சொன்னார்களாம். அன்று வாசுகி சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை, காலாண்டுச் சோதனை முடித்துவிட்டு, இரவு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தாள். அன்று ஒரே நாளில் இருநூற்றுப் பத்துப் பட்டைகள். விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. கனகராஜ் போர்ச் விளக்கைப் போட்டுக்கொண்டு, டிரெய்லர் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

“வாசு, மாட்டியாச்சு. பெல்ட்டுதான். நீ சொன்ன மாதிரியே ரெண்டு இன்ச். கடையில கெடைக்காத சாமான். எப்படின்னு கேளு.”

“கேக்கல,” என்றாள் வாசுகி.

“வந்து பாரு லா.”

வாசலில் இருந்தபடியே பார்த்தாள். உருளை நிறைய ஊதா நிறம். புத்தம் புதுசாக, நேராகச் சுற்றியிருந்தது. யார்டில் ஒரு டன் பட்டைக்கு இந்த ஊதாதான். பரவாயில்லை, தரமானதாகத்தான் வாங்கியிருக்கிறான் என்று நினைத்தாள். எங்கே வாங்கினாய் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் சொல்லிவிடுவான், சொல்ல ஆரம்பித்தால் பத்து மணியாகும் என்ற பயத்தில் கேட்கவில்லை. “நல்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். காலையிலிருந்து இருநூற்றுப் பத்தைத் தொட்டுப் பார்த்தவள், தன் வீட்டு வாசலில் இருந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் படகை இறக்கிவிட்டார்கள். மீன் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பத்தரை மணிக்கு, கடலின் ஏற்றத் தண்ணீர் வடிவதற்குள் திரும்பி, கனகராஜ் ஒரே மூச்சில் டிரெய்லரைச் சரிவில் இறக்கினான். காரை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் போய், படகின் பின்னால் தோள் கொடுத்தான். லோஷினி அவன் பக்கத்தில். பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண், சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு இதற்கு வருகிறாள் என்றால் அது அப்பனுக்காகத்தான். வாசுகி பட்டையை இழுத்துப் போய், படகின் மூக்கு வளையத்தில் ஹூக்கை மாட்டிவிட்டு வந்து, கைப்பிடியைப் பிடித்தாள்.

சுற்றுவது சுகமாக இருந்தது. அதை அவள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முள் இல்லை, கிரீச் என்ற சத்தம் இல்லை. பட்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டே வந்தது. படகு தண்ணீரை விட்டு மேலே வர வர, கைப்பிடி கனத்தது. அதன் மூக்கு அவளை நெருங்கியது. ஹூக் இருக்கிற முனையில் கனகராஜ் அழகுக்காகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தான். காலையிலும் இப்போதும் தண்ணீரில் நனைந்ததில் டேப் ஒரு பக்கமாக உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

இன்னும் இரண்டு சுற்று. மூக்கு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபோது அது என்ன என்று தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு மார்க்கரில் பெருக்கல் குறி. கீழே மார்ச் மாதத் தேதி. அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து.

மார்ச்சில் அவளே கழித்தவற்றில் ஒன்று. மூன்று பட்டைகள். யார்டில் பெயின்ட் உரிக்கிற காஸ்டிக் தண்ணீர் கொட்டிய தரையில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தவை. கழுவிக் காயவைத்த பிறகு பார்க்கப் புதுசு மாதிரியேதான் இருந்தன. பாலியஸ்டருக்குள் காஸ்டிக் இறங்கினால் வெளியே தெரியாது, உள்ளே இழை மாவாகிவிடும். மூன்றையும் தள்ளுபடி செய்தாள். வெட்டக் கத்தரியை எடுத்த நேரத்தில் கிரேனில் சுமை கட்டுகிற ரிக்கர் தங்கராஜு வந்து நின்றான். “அக்கா, வெட்டிடாதீங்க லா. வீட்ல மெத்தை கட்ட, சாமான் கட்ட ஆகும்.” யார்டில் கழித்த பொருளெல்லாம் மாசாயில் ஏதாவது ஒரு வீட்டில்தான் இருக்கும். வாசுகியின் வீட்டுச் செருப்பு அலமாரியே யார்டுப் பலகைதான். பாவம், கேட்கிறானே என்று கொடுத்துவிட்டாள். பதிவேட்டில் ‘மூன்று, வெட்டப்பட்டது’ என்று எழுதினாள்.

கைப்பிடியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அறுநூறு கிலோ சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் கனகராஜும் லோஷினியும் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புச் சங்கிலியை மாட்ட இன்னும் ஒரு சுற்று வேண்டும்.

“ரெண்டு பேரும் ஓரமா தள்ளிப் போங்க.”

“ஏன் லா? தள்ளிட்டுத்தானே இருக்கோம்,” என்றது படகுக்குப் பின்னாலிருந்து கனகராஜின் குரல். “நீ சுத்து.”

“தள்ளிப் போங்கன்னு சொல்றேன்.”

“காரணத்த சொல்லு மொதல்ல.”

தலைக்கு மேல் சுமை போகும்போது யார்டில் போடுகிற குரல் ஒன்று வாசுகியிடம் உண்டு. வீட்டில் அதை ஒருநாளும் எடுத்ததில்லை. “தெப்பி,” என்றாள் அந்தக் குரலில். “தெப்பி, தெப்பி.” விலகு என்பதற்கு மலாயில் அந்த ஒரு சொல்தான், யார்டில் அதைக் கேட்டால் வங்காளதேசத்துக்காரன்கூடக் காரணம் கேட்கமாட்டான். லோஷினி உடனே பக்கவாட்டில் பாய்ந்தாள். அப்பனின் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வாசுகி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். பட்டை தாங்கியது. சங்கிலியை எட்டிப் பிடித்து வளையத்தில் மாட்டினாள். முதல் முறை நழுவியது, இரண்டாவது முறைதான் மாட்டியது.

கனகராஜ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தான். “பாத்தியா, என்னமா இழுக்குது. இதுக்குத்தான் அவசரப்படக்கூடாதுன்னு சொல்றது. நம்ம தங்கராஜு குடுத்தான், ஓசியில. என் பஸ்ல வரப்ப அவன்கிட்ட வின்ச் கதையச் சொன்னேன், நேத்து கொண்டாந்து குடுத்துட்டான்.”

வாசுகி மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து, ஹூக்குப் பக்கமாகப் பட்டையை அறுத்தாள். உருளையிலிருந்து மிச்சத்தை உருவி, முழம் போட்டு முழம் போட்டு அறுத்தாள். சாதாரணமாகக் கையை ஒடிக்கிற வேலை. இது அவல் பொட்டலத்துத் தாள் மாதிரி விட்டுக்கொடுத்தது. விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

“பைத்தியமா உனக்கு? ஆறு வாரம் தேடி மாட்டியிருக்கேன். நல்லாத்தானே இருந்துச்சு.”

“நல்லா இல்லன்னு இதுல எழுதியிருக்கு.” சிவப்புக் குறி இருந்த துண்டை அவன் கையில் வைத்தாள்.

அவன் அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வீட்டுக் கடனிலும், லோஷினியின் பள்ளி அட்டையிலும் பார்த்துப் பழகிய கையெழுத்து. “ஏதோ கிறுக்கல்னு நெனச்சு டேப்ப சுத்திட்டேன். நீயே எழுதினதா? அப்ப ஏன் வெட்டல?”

வாசுகி லோஷினியிடம் போனை வாங்கித் தங்கராஜுவைக் கூப்பிட்டாள்.

“மூணு குடுத்தேன் தங்கராஜு. மத்த ரெண்டும் எங்க?”

“ஒன்னு வீட்ல இருக்குக்கா, மெத்தை கட்டி மேல போட்டிருக்கேன். இன்னொன்னு ரொனால்டுக்குக் குடுத்தேன். உங்க பக்கத்து வீட்டு அங்கிளோட மகன். பட்டறையில இஞ்சின் தூக்க வேணும்னு கேட்டான்.”

“உன் வீட்ல இருக்கறத இப்பவே துண்டு துண்டா வெட்டு. வெட்டிட்டு படம் அனுப்பு.”

ரொனால்டின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான்கு தடவை. சனிக்கிழமை பகலில் மெக்கானிக் போன் எடுக்கவில்லை என்றால் கை வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். வாசுகி கனகராஜைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை யாரையாவது கேட்பான் என்று பயந்தாள். அவன் படகின் பின்பக்கத்தை டிரெய்லரோடு கட்டிவிட்டு, ஈரக் கால்சட்டையோடு ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். மாசாய்வரை ஒன்றும் கேட்கவில்லை.

ரொனால்டின் பட்டறை வாசலில் ஸ்டானிஸ்லாஸ் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே உத்தரத்திலிருந்து செயின் பிளாக் கப்பியில் ஒரு லாரி இஞ்சின் தொங்கியது. அதைச் சுற்றி ஊதாப் பட்டை. கீழே ரொனால்ட் குந்தி உட்கார்ந்து, அண்ணாந்தபடி எண்ணெய்த் தட்டின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“ரொனால்ட், வெளிய வா.”

“இதோ ஆன்ட்டி. இந்த ஒரு நட்டு மட்டும்.”

உலகத்தில் எல்லா ஆண்களுக்கும் இன்னும் ஒரு நட்டு பாக்கி இருக்கிறது. வாசுகி அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவன் ஸ்பேனரோடு சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தான். கனகராஜ் ஒரு பழைய டயரை இஞ்சினுக்கு அடியில் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, தூர நின்று சங்கிலியை இழுத்து மெதுவாக இறக்கினான். டயரில் உட்கார ஒரு சாண் இருக்கும்போது பட்டை காய்ந்த சத்தத்தோடு கிழிந்தது. இஞ்சின் டயரில் ஒரு துள்ளு துள்ளி, பக்கவாட்டில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது.

ஸ்டானிஸ்லாஸ்தான் முதலில் எழுந்து வந்தார். குனிந்து, கிழிந்த முனையை எடுத்துப் பார்த்தார். “இதுல கழிச்சதுன்னு சிவப்புக் குறி போட்டிருக்கு. எந்த மடையன் இத வெட்டாம வெளிய விட்டது? அவனச் சும்மா விடக்கூடாது.”

“அங்கிள், அது ஸ்டோர்ல எப்படியோ கலந்து போய்,” என்று கனகராஜ் ஆரம்பித்தான். ஆறு வாரமாக எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொன்னவன், முதல் தடவையாக ஒன்றை மறைக்கப் பார்த்தான்.

“கலந்து போவல,” என்றாள் வாசுகி. “நான்தான் அங்கிள் குடுத்தேன். வெட்டிட்டேன்னு எழுதிட்டு வெட்டாம குடுத்தேன்.”

ஸ்டானிஸ்லாஸ் பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ரொனால்ட் தரையிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். இழுத்தபோது காலிலிருந்து கழன்ற அவனுடைய ரப்பர்ச் செருப்பு ஒன்று, சாய்ந்து கிடந்த இஞ்சினின் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மறு செருப்பையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.